பனிச்சைமுறிப்பின் மேற்குப் பக்கம்

பனிச்சைமுறிப்பு ஊர் ஒன்றியத்துப் பிள்ளைகள் இருவர் சென்ற மாதம் பாரிசின் லா சப்பலில் நான் வழமையாகத் தேநீர் குடிக்கும் கடைக்கே வந்து என்னைப் பிடித்துவிட்டார்கள். ஒன்றியம் மலர் போடுகிறதாம். அதற்கு ஊரின் குடியேற்ற வரலாறு, எல்லைகள் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். நாலு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, நகைக்கடை விளம்பரங்களுக்கு இடம் வேண்டும் என்பதையும் மரியாதையாகச் சொல்லி முடித்தார்கள்.

"ஐயா, நீங்கள்தானே எங்கடை ஊரை அளந்தனீங்கள். எப்ப காடு வெட்டினது, ஆர் ஆர் வந்தவை, எல்லை எது எண்டு எழுதித் தந்தாக் காணும்," என்றான் ஒருவன். மற்றவன் கைத்தொலைபேசியில் செய்மதிப் படத்தை விரித்துக் காட்டினான். குளம் தெரிந்தது, வாய்க்கால் தெரிந்தது, தனித்தனி மரங்கள்கூடத் தெரிந்தன. "எல்லாம் தெரியுது ஐயா. எல்லைதான் தெரியேல்லை," என்றான்.

தெரியாதுதான். இப்போதெல்லாம் நில அளவையாளன் வானத்தைப் பார்த்துக் கருவியை வைத்தால் போதும், தான் நிற்கும் இடத்தை அது சொல்லிவிடும். பக்கத்துக் காணி ஆருடையது என்று அது சொல்லாது. ஆகையால் ஒப்புக்கொண்டேன். ஆனால் நாலு பக்கமும் எழுத எனக்கு மனமில்லை. ஊரின் மேற்குப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

முதலில் வரலாறு. பனிச்சைமுறிப்பு வன்னியின் மேற்கே, மன்னாருக்குப் போகும் வழியில் காட்டுக்குள் கிடந்த ஓர் உடைந்த குளம். உடைந்த குளத்தைத்தான் அந்தப் பக்கத்தில் முறிப்பு என்பார்கள். அணைக்கட்டைத் திருத்தி, வாய்க்கால் வெட்டி, குடாநாட்டிலும் தீவுகளிலும் காணி இல்லாமல் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காணிக் கச்சேரி வைத்தார்கள். அது ஒரு பள்ளிக்கூடத்தில் அதிகாரி மேசை போட்டு இருந்து, உனக்கு எத்தனை பிள்ளை, வயல் செய்யத் தெரியுமா, காட்டில் இருப்பாயா என்று ஒவ்வொருவராகக் கேட்டு ஆள் தெரிவு செய்கிற நாள். தெரிவானவர்களுக்குப் பெர்மிற் என்ற காணி அனுமதிப் பத்திரம் கொடுத்தார்கள். அவர்கள் மலேரியாவோடும் யானையோடும் மல்லுக்கட்டிக் காட்டை வயலாக்கினார்கள். இவ்வளவும் எல்லா ஊர் மலரிலும் வருவதுதான்.

மலர்களில் வராத இன்னொரு குடியேற்றம் உண்டு. மலையகத் தோட்டங்களில் இருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்கள் ஒரு துணி மூட்டையோடு வந்து, குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வானாகப் பாய்கிற மேற்குப் பக்கக் காட்டைத் தாங்களாகவே வெட்டி இருந்தார்கள். அவர்களுக்குக் காணிக் கச்சேரியும் இல்லை, பெர்மிற்றும் இல்லை. அரசாங்கக் கந்தோர் மொழியில் அது அடாத்துக் காணி, அனுமதி இல்லாமல் பிடித்தது. பெர்மிற்காரரின் வயலில் பகலில் கூலிக்கு நின்றதும் அவர்கள்தான். கூலிக்கு நல்ல ஆட்கள், பக்கத்துக் காணிக்காரராக வேண்டாத ஆட்கள் என்பது அன்றைய பனிச்சைமுறிப்பின் நிலைப்பாடு. ஒன்றியத்துப் பிள்ளைகள் கோபிக்கக் கூடாது, உங்கள் அப்பாமார் அப்படித்தான் இருந்தார்கள்.

நான் தியத்தலாவைக் குளிரில் நில அளவைப் பயிற்சி முடித்து, இரண்டு மூன்று ஊர் மாறி, வன்னிக்கு வந்தபோது எனக்கு மேலே இருந்தவர் அத்தியட்சகர் கனகசபை ஐயா. மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஆருடைய காணிக்குள்ளும், அது நாலு தடி நட்ட கொட்டிலாக இருந்தாலும், கரையில் நின்று "உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் கால் வைப்பார். மற்றது, சின்னப் பிள்ளைகளைத் தவிர எல்லாரையும் 'நீங்கள்' என்பார். கூலியாட்களை ஊர் முழுக்க 'நீ' என்று கூப்பிட்ட காலம் அது.

வேலை இப்படி நடக்கும். விடியப் போய்ப் பற்றைகளை வெட்டிப் பார்வைக் கோடு திறப்போம். கோணம் பார்க்கும் கருவியை முக்காலியில் ஏற்றி மட்டம் பிடிப்பேன். சங்கிலிக்காரர் இருவர் முன்னும் பின்னுமாக இழுத்து அளந்து வருவார்கள். மூலை வந்ததும் முளை அடிப்போம். ஆனால் கல் நட மாட்டோம். காணிக்காரரும் பக்கத்துக் காணிக்காரரும் அந்த மூலைக்கு நேரில் வந்து நிற்க வேண்டும். ஐயா இருவருடைய முழுப் பெயரையும் சொல்லி, "இது உங்கடை எல்லைதானோ?" என்று தனித்தனியாகக் கேட்பார். இருவரும் ஓம் என்றால்தான் கல் இறங்கும். சட்டத்தில் இவ்வளவு இல்லை. ஐயாவின் முறை அது.

ஒருமுறை ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் காணியை அளந்தபோது பக்கத்துக் காணிக்காரர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "அவர் ஒண்டும் சொல்லார், கல்லை நட்டிட்டுப் போங்கோ," என்று பெரியவர் சோடாவும் உடைத்துத் தந்தார். ஐயா சோடாவைக் குடித்தார், நன்றி சொன்னார், எங்கள் கூடாரத்தைக் கழற்றச் சொன்னார். வேறு ஊரில் வேலை பார்த்துவிட்டு, அந்த ஆள் எழும்பி நடமாடிய பிறகுதான் திரும்பினோம்.

பனிச்சைமுறிப்பில் எங்களை மறித்தது செல்லத்துரை என்பவரின் காணி. முதல் பெர்மிற்காரரில் ஒருவர், நேர்மையான உழைப்பாளி, வணங்காமுடி. அவருடைய காணிக்கு மேற்கே காடு வெட்டி இருந்தவன் மாரிமுத்து என்ற மலையகப் பொடியன். ஐயா மேற்கு மூலைக்கு வந்ததும், "மாரிமுத்துவைக் கூப்பிடுங்கோ," என்றார்.

"அவனென்ன சொல்லுறது? அவனட்டைப் பெர்மிற்றோ கிடக்கு?" என்று செல்லத்துரை சீறினார்.

"பெர்மிற் கந்தோர் குடுக்கிறது. எல்லை பக்கத்திலை இருக்கிறவர் குடுக்கிறது," என்றார் ஐயா.

மாரிமுத்து அப்போது செல்லத்துரையின் வயலில்தான் கூலிக்கு நின்றான். முழங்கால் வரை சேற்றோடு வந்து எங்களுக்கு எட்ட நின்றான். ஐயா அவனைக் கிட்டக் கூப்பிட்டு, "மாரிமுத்து, இது உங்கடை எல்லைதானோ?" என்று கேட்டார். அவன் கூலி தருகிறவரின் முகத்தைப் பார்த்தான்.   அப்போது குசினிப் பக்கமிருந்து செல்லத்துரையின் மனைவி அன்னலட்சுமி வந்தார். "சொல்லு மாரிமுத்து, என்னத்துக்குப் பயப்பிடுறாய்? உந்த வேம்புக்கு அங்காலை நீதானே வெட்டினனீ," என்றார். செல்லத்துரை மனைவியை முறைத்தார், பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓம் என்றார். மாரிமுத்துவும் ஓம் என்றான். நான் கல்லை இறக்கினேன்.

படத்தில் செல்லத்துரை காணியின் மேற்கு எல்லை 'மாரிமுத்து பராமரிக்கும் காணி' என்று எழுதப்பட்டது. சில வருடங்களுக்குப் பிறகு அதை வைத்தே அவனுக்கும் பெர்மிற் கிடைத்தது. மேற்குப் பக்கத்தில் மற்றவர்களுக்கும் அதன் பின்னால் ஒவ்வொன்றாகக் கிடைத்தது. ஊரின் எல்லை வான்கரை வரை போனது அப்படித்தான்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2009இல் அந்த ஊர் முழுவதும் கிழக்கே, கிழக்கே என்று நகர்ந்து போய்க் கடலில் முட்டியது. உயிரோடு மிஞ்சியவர்கள் முகாமுக்குப் போனார்கள். நான் ஓய்வு பெற்று, மனைவியையும் அடக்கம் செய்துவிட்டு, மகனோடு பாரிசுக்கு வந்து சேர்ந்தேன். கனகசபை ஐயா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

இங்கே வந்த பிறகும் என்னை வேலை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆராவது காணிக் கதையோடு வருவார்கள். பாரிசில் கட்டிலுக்கு இடமில்லாமல் சோபாவில் படுப்பவன் ஊரில் அரைப் பரப்புக்காக அண்ணனோடு கதைக்காமல் இருப்பான். நான் திட்டுவேன், அவர்களும் சிரித்துவிட்டுப் படத்தை நீட்டுவார்கள். புனிதா வந்தபோது நான் திட்டவில்லை.

புனிதா அந்தச் செல்லத்துரையின் மகள். ஹோட்டலில் மெனாஜ் வேலை, அறை துடைப்பது. தகப்பன் போருக்கு முன்பே போய்விட்டார். தம்பி போரில் போனான். தாய் அன்னலட்சுமி மட்டும் ஊருக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார். சொந்தக் காணிக்குள் போக முடியவில்லை. முதலில் அதில் இராணுவ முகாம் இருந்தது. முகாம் எடுபட்ட பிறகு, அது காடு என்று சொல்லி வன இலாகா புதிதாகக் கல் நட்டிருந்தது. பழைய படங்கள் எல்லாம் கந்தோரோடு சேர்ந்து அழிந்துவிட்டன. அளந்தவரின் படமும் வாக்குமூலமும், பக்கத்துக் காணிக்காரர் எல்லாரின் சம்மதமும் வந்தால் காணியை விடலாம் என்று கந்தோரில் சொல்லியிருந்தார்கள்.

"அம்மா தன்ரை வளவிலை சாக வேணும் எண்டுறா ஐயா. வேறை ஒண்டும் கேக்கேல்லை," என்றார் புனிதா.

படத்தைத் திரும்ப வரைவதை நான் ஏற்றுக்கொண்டேன். தெற்கே வாய்க்கால், அந்தப் பக்கத்துக்கு ஒப்பம் தேவையில்லை. மற்ற மூன்று பக்கத்துக் காணிக்காரரும் எங்கே என்று விசாரித்தோம். வடக்குப் பக்கம் திரான்சியில் இருந்தது, கிழக்குப் பக்கம் பியர்ஃபித்தில், மேற்குப் பக்கம் கூசேன்வில்லில், மூன்றும் பாரிசின் புறநகர்கள். ஒரு காணியின் அயல் முழுவதையும் ரயில் ஏறிச் சந்திக்க வேண்டியிருந்தது.

திரான்சிக்காரர் சோறு போட்டு ஒப்பம் வைத்தார். பியர்ஃபித்காரர் ஒப்பம் வைக்க முன்னம், செல்லத்துரை வேலி அடைக்கும்போது இரண்டு கதியால் தடிகளை இவருடைய காணிக்குள் தள்ளி நட்ட கதையை முழுவதும் சொன்னார். புனிதா செத்துப்போன தகப்பனுக்காக மன்னிப்புக் கேட்ட பிறகு, "அது கிடக்கட்டும் பிள்ளை, மனுசன் நல்லவர்," என்று பேனையைக் கேட்டார். திரும்பி வரும்போது புனிதா சிரித்தார். அந்தப் பெண் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேற்குப் பக்கம் மாரிமுத்து. அவர் இல்லை. போரின் கடைசி நாட்களில், சனம் வெளியே வந்த இடத்தில், ஆண்களைத் தனியாகப் பிரித்து பஸ்ஸில் ஏற்றினார்கள். அவர் ஏறியதை மனைவி சரோஜா கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. சரோஜா மகள் கவிதாவோடு கூசேன்வில்லில் இருந்தார். கவிதாவின் கணவருக்கு விமான நிலையத்தில் வேலை.

கந்தோரின் விதி இதில் தெளிவாக இருந்தது. பக்கத்துக் காணிக்காரர் உயிரோடு இருந்தால் அவர் ஒப்பமிட வேண்டும். இல்லையென்றால் மரணப் பதிவு எடுத்து, பின்னுரித்தாளி, அதாவது அவருக்குப் பின் காணிக்கு உரித்தானவர், ஒப்பமிட வேண்டும். மரணப் பதிவு இல்லாமல், மனைவி என்பதற்காக மட்டும் ஒப்பமிட முடியாது. அதாவது புனிதாவின் தாய்க்குக் காணி கிடைக்க வேண்டுமென்றால், சரோஜா தன் கணவர் செத்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

கதவைத் திறந்ததும் சரோஜா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்கய்யா, உக்காருங்க. 'அன்னைக்குப் பெரிய ஐயா என்னைய நீங்கன்னு கூப்பிட்டாரு சரோஜா'ன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லாத நாளே கெடையாது," என்றார். தேநீர் வந்தது. முறுக்கு வந்தது. நான் எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லாமல் முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் புனிதாதான் சொன்னார்.

சரோஜா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "செத்ததப் பாத்தவங்க கையெழுத்துப் போடட்டும் ஐயா. நான் பாத்தது அவரு பஸ்ல ஏறுனதத்தான்," என்றார்.

"அம்மா, செ ஃபினி. முடிஞ்சுது. அப்பா வரமாட்டார். போடுங்கோ, காணும்," என்று கவிதா சொல்லிவிட்டு எழும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

புனிதாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, மழை பெஞ்சா என்ரை அம்மான்ரை கட்டிலுக்குக் கீழை தண்ணி நிக்குது. நீங்கள் ஒரு ஒப்பம் வைச்சா அவ தன்ரை வீட்டுக்குப் போவா. ஒரு ஒப்பம் அக்கா."

சரோஜா புனிதாவின் கையைப் பிடித்தார். "என் கல்யாணத்துக்குச் சேல எடுத்துக் குடுத்தவங்க உங்க அம்மா. அவங்களுக்கு நான் என்னவும் செய்வேன். இது மட்டும் கேக்காதீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் போட்டா அந்தம்மாவுக்கு வீடு வரும். அவருக்கு என்னங்க ஐயா வரும்?"

 இத்தனை வருடம் ஊர் ஊராகப் போய் எத்தனையோ பேருடைய எல்லை வழக்கைத் தீர்த்தவன், அந்த வீட்டில் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ரயிலில் புனிதா பொருமிக்கொண்டே வந்தார். "அவ தன்ரை ஆசைக்காக என்ரை அம்மாவைத் தெருவிலை விடுறா. இது ஞாயமோ ஐயா?" ஞாயம் என்றும் எனக்குத் தோன்றியது, அநியாயம் என்றும் தோன்றியது. லா சப்பலில் இறங்கித் தேநீர்க் கடைக்குள் போய் உட்கார்ந்ததும் புனிதா தாய்க்குத் தொலைபேசி எடுத்து, நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். தாயும் தன்னோடு சேர்ந்து ஏசுவார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அன்னலட்சுமியின் குரல் மெலிந்திருந்தது. "அவளட்டை ஏன் பிள்ளை உதைக் கேட்டனீ?" என்றார்.

"கேக்காமல் என்னெண்டு அம்மா காணி வரும்?"

"உன்ரை தம்பின்ரை உடம்பைக் காணாமலே நான் ஒப்பம் வைச்சனான். மரணப் பதிவு இருந்தால்தான் நிவாரணம் எண்டினம், வைச்சன். அண்டையிலிருந்து படலை சத்தம் கேட்டாலும் நான் எழும்பிப் பாக்கிறேல்லை. என்னெண்டு பாக்கிறது? இல்லையெண்டு நானே எழுதிக் குடுத்திட்டன். அவள் எழும்பிப் பாக்கட்டும். அவளை விடு."

"அப்ப வீடு?"

"எனக்கு இஞ்சை கிடக்க ஏலும். மழைதானே பிள்ளை."

புனிதா தொலைபேசியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. கடைக்காரத் தம்பி எங்களைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

படத்தை வரைந்து அனுப்பத்தான் வேண்டும் என்றார் புனிதா. வரைந்தேன். உறுதியான எல்லைக்கு முழுக் கோடு போடுவோம், ஆருக்கும் தெரியாத எல்லைக்கு விட்டுவிட்டுப் போகும் கோடு போடுவோம். வடக்குக்கும் கிழக்குக்கும் தெற்குக்கும் முழுக் கோடு போட்டேன். மேற்கே, எனக்குத் தெரிந்த எல்லைகளிலெல்லாம் நன்றாகத் தெரிந்த அந்த எல்லைக்கு, கோட்டை விட்டுவிட்டுப் போட்டேன். பக்கத்தில் 'மாரிமுத்துவின் காணி' என்று எழுதினேன். அவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்க்கவில்லை.

குறைபாடுடைய விண்ணப்பம், நிலுவையில் உள்ளது என்று பதில் வந்தது. இன்றுவரை அது நிலுவையில்தான் இருக்கிறது. ஒன்றியத்துப் பிள்ளைகள் கேட்டதற்கு இதுதான் என் விடை. உங்கள் ஊருக்கு மூன்று பக்கம் எல்லை உண்டு. நாலாவது பக்கத்தைப் பற்றி ஆரும் கேட்டால் சரோஜா என்ற பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள்.

அந்தப் பதில் வந்ததற்கு அடுத்த மாரியில் அன்னலட்சுமி அந்தத் தகரக் கொட்டிலில் காய்ச்சல் கண்டு போய்விட்டார். அகதி அட்டையோடு இருக்கும் புனிதா ஊருக்குப் போக முடியாது. செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தார். துக்கம் விசாரிக்க அவருடைய வீட்டுக்குச் சனம் வந்து போனது. திரான்சிக்காரர் வந்தார், பியர்ஃபித்காரர் வந்தார். நான் ஒரு மூலையில் கதிரையில் இருந்தேன். பின்னேரம் போல் சரோஜா மகளோடு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். புனிதா எழும்பிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து பக்கத்தில் இருத்தினார்.

 சரோஜா, "நான் அன்னைக்கே போட்டிருந்தா உங்கம்மா சொந்த வீட்டுல கண்ண மூடியிருப்பாங்க," என்றார்.

"இல்லை அக்கா," என்றார் புனிதா. "கடைசியா என்னோடை கதைக்கேக்கை அம்மா வீட்டைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. சரோசான்ரை மனுசன் வந்திட்டானோ எண்டுதான் கேட்டவ."